பிள்ளைகள் அப்படியா, பள்ளி அப்படியா? ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றிய விவாத இழை

கேள்வி: 11 மே 2025

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 52 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என் மகளுக்கு ஜூலையில் ஐந்து வயது நிறைகிறது; ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தமிழ்ப் பத்தியைக் கோவையாக வாசிக்க வரவில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள உறவினர் சொல்கிறார். “அங்கே வருவது முக்கால்வாசி காலனிப் பிள்ளைகளும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும், பள்ளி என்ன செய்ய முடியும்?” என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் பேச்சு. பிள்ளைகளின் பின்புலம்தான் படிப்பைத் தீர்மானிக்கிறதா? அப்படியென்றால் என் மகளை எங்கே சேர்ப்பது?

11 மே 2025, இரவு

திருவண்ணாமலை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் பணி செய்து, அதில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்து, 2024 மே மாதத்தில் ஓய்வு பெற்றவள் நான். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் “பாதிப் பேர்” என்பதைப் பார்ப்போம். 52 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. பத்துப் பேரில் ஒரு பிள்ளை என்பது பத்து விழுக்காடு. சென்ற ஆண்டு 60, இந்த ஆண்டு 40 என்று ஒரு பள்ளியைப் பற்றிச் சொன்னால், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் குறைவு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவர் மாமா வீட்டுக்குக் குடிபோயிருக்கலாம், இன்னொருவருக்கு அன்று அம்மை போட்டிருக்கலாம்.

இரண்டாவது, பின்புலம். ஆம், அது படிப்பைப் பாதிக்கத்தான் செய்கிறது. எங்கள் பள்ளியில் 2016-17ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான்கு பேர் பத்தியைத் தடையின்றி வாசித்தார்கள், ஐந்து பேருக்கு வரவில்லை. அந்த ஐவரும் பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்களின் பிள்ளைகள். ஆண்டில் நான்கு மாதம் பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்றால் அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

12 மே 2025

“காலனிப் பிள்ளைகள் முக்கால்வாசி” என்று உங்கள் ஊரார் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே சமூகம் என்ற கட்டம் இருக்கிறது: ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், இஸ்லாமியப் பிற்படுத்தப்பட்டோர், இதர வகுப்பினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. ஆனால் ஊருக்குள் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியின் விகிதம் இந்த மாநில விகிதத்தைப் பின்பற்றாது. வேன் வைத்து அனுப்பும் வசதி எந்தத் தெருவில் இல்லையோ அந்தத் தெருவின் விகிதத்தையே அது பின்பற்றும்.

அந்தக் கட்டத்தையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு 47 பிள்ளைகள். பழங்குடியினர் கட்டத்தில் இரண்டு பேர். ஆனால் ஏரிக்கரையிலிருந்து வந்த இருளர் பிள்ளைகள் ஏழு பேர். மற்ற ஐவரின் பெற்றோரிடம் சான்றிதழ் இல்லை. ஆதிதிராவிடர் சான்றிதழை வட்டாட்சியரே கொடுத்துவிடலாம். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அவர் விசாரிப்பார், உறவினர் யாரிடமாவது பழைய சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார், மறுபடி வரச் சொல்வார். நாளுக்கு நாள் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவர் மூன்று முறை கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனால் மூன்று நாள் அடுப்பு எரியாது. ஆகையால் அந்த ஐவரும், சேர்க்கையின்போது பதிவேட்டில் எழுதியவருக்குத் தோன்றிய கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இந்திய அரசு தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளாக அறிவித்த ஆறு இனங்களில் இருளர் ஒன்று. எங்கள் பதிவேட்டிலோ அவர்கள் பாதிக்கு மேல் இல்லவே இல்லை. இந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்தச் சமூகப் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று அட்டவணை போட்டால் அந்த அட்டவணைக்கு என்ன பொருள்?

12 மே 2025, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. ஏரிக்கரைப் பிள்ளைகள் வாய் திறக்காத பிள்ளைகள் என்று எனக்கு முன்பிருந்த ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார். ஏரிக்கரையில் போய்ப் பாருங்கள், எலி வளைக்குப் புகை போட்டுக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் சொல்வார்கள். வகுப்பில் “அவன் சென்றான், அவள் உண்டாள்” என்று புத்தகத் தமிழில் நான் பேசினால் அவர்கள் என்னை விசித்திரமாகப் பார்ப்பதும், அவர்கள் பேச்சில் நான் ஒரு வாக்கியம் பேசினால் வகுப்பே சிரிப்பதும், அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர்கள் நான்கு வாக்கியம் பேசுவதும் வழக்கமாயிற்று. எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் உள்ள தூரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. சிலருக்கு அது கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டிய தூரம். அதைச் சாதியோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

15 மே 2025

இழையில் ஒருவர் கோல்மன் அறிக்கையை எடுத்துப் போட்டு, “1966இலேயே அமெரிக்காவில் முடிந்துபோன விவாதம், குடும்பமே எல்லாம்” என்று எழுதியிருக்கிறார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து எடுத்த ஆய்வு அது. பள்ளிகளுக்கு இடையே கட்டடம், நூல்கள், செலவு ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்புலம் தேர்ச்சியோடு வலுவாகப் பொருந்துகிறது என்று அது சொன்னது உண்மை. நல்ல ஆசிரியர் அமைவது வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட வசதியற்ற பிள்ளைகளுக்கு அதிகப் பயன் தருகிறது என்றும் அதே அறிக்கை சொன்னது. பாதியை மட்டும் எடுத்துவந்து ஆசிரியர் அறையில் தொங்கவிட்டால் நமக்கு வசதியாகத்தான் இருக்கும்.

16 மே 2025

நேற்று எழுதிய கடைசி வரி என்னையே குத்துகிறது. பரணில் இருந்த என் பழைய நீள நோட்டுகளை இறக்கினேன். ஆண்டு வாரியாக, பிள்ளை வாரியாக, எந்த மாதத்தில் யாருக்கு எது வந்தது என்று எழுதி வைத்திருந்தேன். முதல் நாள் நான் எழுதியதில் பிழை இருக்கிறது. சிறு பிழை அன்று.

2016-17 ஐந்தாம் வகுப்பில் வாசிக்க வராத ஐவர் என்றேன். அவர்களில் ஒரு சிறுமி அந்த டிசம்பரிலேயே பெற்றோருடன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். பெயர் பதிவேட்டில் இருந்தது, பிள்ளை இல்லை. அவளை நான் சோதிக்கவே இல்லை. வராதவர் கணக்கில் சேர்த்திருந்தேன். மீதி நால்வரில் சூளைக்குப் போய் வந்தவன் ஒருவன் மட்டுமே. மற்ற மூவரும் ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்கள். ஒருத்திக்கு முழு வருகைக்காகக் குடியரசு நாளன்று நான்தான் டிபன் டப்பா பரிசு கொடுத்தேன்.

“ஐவரும் சூளைக்குப் போகிற குடும்பங்கள்” என்று எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தயக்கமின்றி எழுதினேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன். நினைவு பிள்ளைகளின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

16 மே 2025, மாலை

அந்த மூவரையும் பின்னோக்கிப் பார்த்தேன். மூவருக்கும் முதல் வகுப்பில் உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் வந்திருக்கின்றன. 2014-15இல், மூன்றாம் வகுப்பில், அப்படியே நின்றுவிட்டது. உயிர்மெய்யில் கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவார்கள். அங்கே தினமும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து வாசிக்க வைத்தால் இரண்டு மாதத்தில் தாண்டிவிடுவார்கள், உட்காராவிட்டால் இரண்டு ஆண்டானாலும் தாண்ட மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஏன் யாரும் உட்காரவில்லை? என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒன்பது மாதம் மகப்பேறு விடுப்பில் இருந்தார். பதிலுக்கு எவரும் வரவில்லை. ஐந்து வகுப்புகளையும் நான் ஒருத்தியே பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூட மிகை. ஒரு வகுப்புக்குக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அடுத்த வகுப்பைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, இடையில் சத்துணவுக் கணக்கை எழுதிக்கொண்டு, மாலை மணி அடிக்கும் வரை சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

17 மே 2025

கணக்குப் புலி ஒருவர் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. 2014-15இல் மகப்பேறு விடுப்பு ஆறு மாதம்தான். ஒன்பது மாதமாக உயர்ந்தது 2016இல், ஓராண்டாக உயர்ந்தது 2021இல். நோட்டை மறுபடி பார்த்தேன். ஆறு மாதம் விடுப்பு, சரி. அதற்கு முன் ஏறக்குறைய இரண்டரை மாதம் அவரை மாற்றுப் பணியில் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆக எட்டரை மாதம் அது ஓராசிரியர் பள்ளி. ஏட்டில் மட்டும் ஈராசிரியர் பள்ளி.

விடுப்பு அவருடைய உரிமை, அதைக் குறை சொல்லி யாரும் இங்கே எழுத வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூவர், 120 வரை நால்வர். முப்பதுக்கு ஒருவர் என்பது காதுக்கு நல்ல விகிதமாகத்தான் கேட்கிறது. 47 பிள்ளைகளுக்கு இருவர் என்றால் விகிதம் 24க்குக் கீழே வந்துவிடும். நகரத்துப் பள்ளிக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் வகுப்பு ஐந்து, ஆள் இருவர். ஒருவர் ஒரு நாள் வட்டார வள மையப் பயிற்சிக்குப் போனால் பள்ளியில் பாதி ஆசிரியர் இல்லை என்று பொருள். பெரிய பள்ளியில் பத்தில் ஒருவர் போனால் யாருக்கும் தெரியாது. தம்பி, உங்கள் ஊர்ப் பள்ளியும் 52, இருவர் என்றீர்கள். அந்தச் செய்தி உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருந்தும் நான் அதைத் தாண்டிப் பிள்ளைகளின் குடும்பத்துக்குப் போய்விட்டேன்.

17 மே 2025, இரவு

ஒரு சின்னக் கணக்கு, சிரிப்பதற்காக. ஒன்பது பேரில் நான்கு பேர் வாசித்தால் 44.4 விழுக்காடு. பெங்களூருக்குப் போன சிறுமியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எட்டில் நான்கு, 50 விழுக்காடு. ஒரு பிள்ளைகூட ஓர் எழுத்துகூடப் புதிதாகக் கற்காமல் பள்ளி ஏறக்குறைய ஆறு விழுக்காடு முன்னேறிவிட்டது. மேலதிகாரி வந்தபோது எந்த எண்ணைச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் எதிரே எப்போதும் நன்றாக வாசிக்கும் ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். எங்கள் பள்ளியில் அந்த ஒருவன் 11 விழுக்காடு.

23 மே 2025

“சமூகக் கட்டம் பொய், வருகைக் கட்டமும் பொய், எல்லாம் ஆசிரியர் பற்றாக்குறைதான் என்று இப்போது மறுகோடிக்குப் போய்விட்டீர்களே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சூளைக்குப் போகிற பிள்ளைக்கு நடப்பது உண்மையான இழப்புதான், அதை நான் மறுக்கவில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய குடும்பம் பொங்கல் முடிந்ததும் போய்விடும்; மழை வரும் வரை திரும்பாது. பாட்டி இருக்கும் வீடாக இருந்தால் பிள்ளையை விட்டுப் போவார்கள், இல்லையென்றால் கூட்டிப் போவார்கள். ஜூனில் வரும்போது அவனோடு படித்தவர்கள் அடுத்த வகுப்பில் இருப்பார்கள், அவனும் அந்த வகுப்பில்தான் உட்காருவான், அங்கே நடப்பது எதுவும் அவனுக்குப் புரியாது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே ஒடியா புத்தகங்களோடு வகுப்பு நடத்தினார்கள். நம் ஊர் இருளர் பிள்ளை அடுத்த மாவட்டத்துக்குப் போனால் அவன் மொழி மாறாததாலேயே அவன் யார் கண்ணிலும் படுவதில்லை.

நான் சொல்ல வருவது வேறு. பிள்ளையின் சாதி, தந்தையின் தொழில், ஆண்டு வருமானம், விடுப்பு நாள், இரத்த வகை என எல்லாவற்றுக்கும் எங்கள் பதிவேட்டில் கட்டம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் மூன்றாம் வகுப்பில் எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதை அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதக் கட்டம் இல்லை. ஆசிரியர் வருகைப் பதிவேடு தனி, மாணவர் பதிவேடு தனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் வாசிப்பதில்லை. நானும் வாசித்ததில்லை. காரணம் தேடுகிறவர் கட்டம் இருக்கிற இடத்தில்தான் தேடுவார்.

24 மே 2025

அதே 2014-15இல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்த பள்ளியையும் எடுத்துக்கொள்ளலாம். அதே மாதிரி காலனி, அதே மாதிரி ஏரிக்கரை, அதே கரும்பு வெட்டு மேஸ்திரி. அங்கே இரண்டு ஆசிரியர்களும் ஆண்டு முழுவதும் இருந்தார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு நல்ல பிள்ளைகள் அமைந்துவிட்டார்கள்” என்று அந்தத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தின் பொருள் இப்போதுதான் விளங்குகிறது.

29 மே 2025

கொரோனாவைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார்கள். தெரிந்த கதைதான். 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பின் 2022 சுற்றில், தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அந்தக் கணக்கெடுப்பைக் குறை சொல்லும் ஆசிரியர் நண்பர்களுக்கு: அவர்கள் பள்ளிக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருகிறார்கள். முன்வரிசையில் யாரை உட்கார வைப்பது என்ற வசதி நமக்கு அங்கே இல்லை.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட மாலையில் வீட்டருகே பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு எங்கள் காலனியில் தன்னார்வலராக வந்தது அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண். மாலையில் தன் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தினார். காலனிப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார்கள். ஊர்த் தெருவில் தன்னார்வலர் பாதியில் விட்டுவிட்டதால் ஊர்ப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஓராண்டுக்கு எங்கள் பள்ளியில் பின்புலம் தலைகீழாக நின்றது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை.

30 மே 2025

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை வகுப்பாகப் பார்க்காமல் நிலையாகப் பிரிக்கச் சொன்னார்கள்: அரும்பு, மொட்டு, மலர். பல்வகுப்புக் கற்பித்தலில் வெந்துபோன எங்களுக்கு அது புதிதன்று. 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோதே அட்டைகளையும் ஏணிப்படிகளையும் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். கருத்து சரியானது. மதிப்பீட்டைக் கைபேசியில் ஏற்றுவதற்கு நான் வேப்பமரத்தடியிலிருந்து மொட்டைமாடி வரை அலைக்கற்றை தேடியதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பெயர் எவ்வளவு மென்மையாக வைத்தாலும் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள். இரண்டே வாரத்தில் விளையாட்டுத் திடலில் “போடா அரும்பு” என்பது வசவாகிவிட்டது. ஒருவன் என்னிடம் வந்து, “டீச்சர், நான் மலர், இவன் மொட்டு, இவன் எப்படி எனக்கு முன்னாடி தண்ணி குடிக்கலாம்?” என்றான். மேலே, கீழே என்று பிரிப்பதற்கு ஊர் அவர்களுக்கு ஏற்கெனவே பயிற்சி கொடுத்திருக்கிறது. நாங்கள் புதுச் சொற்களைக் கொடுத்தோம்.

1 ஜூன் 2025

தனியார் பள்ளி வேன்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களுக்கு மனுப் போடுகிறவர்கள் ஏழைகள்தான். ஆனால் ஏழைகளிலும் இணையத்தில் மனுப் போடத் தெரிந்தவர்கள், வருமானச் சான்று வாங்க ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள், பிள்ளையின் படிப்பில் தினமும் ஒரு கண் வைத்திருப்பவர்கள். எங்கள் காலனியிலிருந்து ஓர் ஆண்டு நான்கு பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அவர்களின் அண்ணன், அக்காக்கள்தான் எங்கள் பள்ளியின் முன்வரிசை. பள்ளியில் ஆசிரியர் மாறவில்லை, புத்தகம் மாறவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சராசரி மட்டும் இறங்கியது. சாதிக் கட்டத்தில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் போனவர்களும் இருந்தவர்களும் ஒரே கட்டம்.

2 ஜூன் 2025

இன்று பள்ளி திறக்கும் நாள். முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் இருக்கும் இரண்டாவது ஜூன். கை சும்மா இருக்கவில்லை, எழுதுகிறேன்.

காலை உணவைப் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் பாக்கி. அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. என் கடைசி ஆண்டு முழுவதும் பார்த்தேன். வாசிப்பு கூடியதா என்று என்னால் சொல்ல முடியாது. எட்டரை மணிக்குள் பிள்ளைகள் வந்தார்கள், காலை வழிபாட்டில் மயங்கி விழுவது நின்றது, முதல் பாடவேளை முதல் பாடவேளையாக இருந்தது. புதன்கிழமைப் பொங்கலுக்கு வருகை கூடுதல். மறுநாள் உப்புமாவுக்குக் கொஞ்சம் தளரும்.

முதல் வாரம் ஊர்த் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் தட்டை எடுக்கவில்லை. சமைத்தவர் காலனிப் பெண். யாரும் வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை, “வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டார்கள்” என்றார்கள். நான் பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது புதன்கிழமை நான்கு பேர் சாப்பிட்டார்கள். ஐந்தாவது பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் நன்றாக வாசிப்பாள். அவள் போனதில் அந்த ஆண்டு நான்காம் வகுப்பின் விழுக்காடும் இறங்கியது. பிள்ளைகளின் பின்புலம் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது என்பதற்கு இதையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

8 ஜூன் 2025

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை, “நேராகச் சொல்லுங்கள், சேர்க்கலாமா வேண்டாமா” என்கிறார். பள்ளியைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். சமூக வாரிப் பட்டியலைக் கேட்காதீர்கள். இரண்டு ஆசிரியர்களும் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்கள், சென்ற ஆண்டில் எத்தனை நாள் ஒருவர் மட்டும் இருந்தார் என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனிடம் பாடப்புத்தகத்தைக் கொடுக்காமல், உங்கள் கையில் இருக்கும் விதைப் பொட்டலத்தையோ திருமண அழைப்பிதழையோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் வித்தை அதில் செல்லாது. மதியம் மணி அடித்ததும் சாப்பாட்டு வரிசையில் தட்டுகளை எண்ணுங்கள். பதிவேட்டில் 52 என்றால் தட்டு எத்தனை? குறைவாக இருந்தால் குற்றம் என்று நினைக்க வேண்டாம். மீதிப் பிள்ளைகள் எங்கே என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள்.

14 ஜூன் 2025

தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். தட்டுகள் 41. மீதி 11 பேரைக் கேட்டதற்குத் தலைமையாசிரியர் பதிவேட்டைத் திறக்கவில்லையாம். வாசலில் நின்றபடியே ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இருவருக்குக் காய்ச்சல், ஒருவன் பாட்டியின் கருமாதிக்குப் போயிருக்கிறான், எட்டுப் பேர் இன்னும் சூளையிலிருந்து திரும்பவில்லை, ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியின் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன் என்றாராம். மூன்றாம் வகுப்புப் பையன் அழைப்பிதழில் “நிச்சயதார்த்தம்” என்ற சொல்லில் தடுக்கி விழுந்து, மற்றதை வாசித்துவிட்டு, “சாப்பாடு உண்டா சார்?” என்று கேட்டானாம்.

சேர்த்துவிடுங்கள், தம்பி. ஆண்டு நடுவில் அந்த இருவரில் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால், பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டிப் பதில் ஆள் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் தீர்மானம் அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு; எங்கள் ஊரில் 2014இல் அப்படி ஒரு தீர்மானம் போடச் சொல்லி நானும் கேட்கவில்லை, பெற்றோரும் கேட்கவில்லை. மகளை 18ஆம் தேதி கூட்டிப் போங்கள். அன்று புதன்கிழமை, காலையில் பொங்கல்.